வளவு மரத்துக்கும் பெர்மிட்

ஸ்காபரோவில் வீடு திருத்திக் கட்டும் எந்தத் தமிழரோடு பேசினாலும் இரண்டு புலம்பல்கள் நிச்சயம் வரும். ஒன்று கொன்ராக்டர் பற்றியது, மற்றது மரம் பற்றியது. "என்ரை காசு, என்ரை காணி, என்ரை மரம். வெட்ட இவங்களிட்டை ஏன் கேக்க வேணும்?"

கேட்கத்தான் வேண்டும். ரொறன்ரோ மாநகரச் சட்டம் அப்படி. நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது அடிமரத்தின் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், அது உங்கள் வளவின் நட்டநடுவில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. காயப்படுத்தவும் முடியாது. தெருவோர மரத்துக்கு இந்த அளவுக் கணக்கே கிடையாது. நேற்று நட்ட கன்றும் நகரசபையின் சொத்துத்தான். முன்புறப் புல்வெளியில் நடைபாதையை ஒட்டி நிற்கும் மரம் பல வீடுகளில் தங்களுடையதல்ல என்பதே வீடு வாங்கிப் பல காலம் கழித்துத்தான் எங்கள் ஆட்களுக்குத் தெரியவருகிறது.

இதை வெள்ளைக்காரரின் விசித்திரம் என்று நினைக்கிறவர்கள் ஊரை மறந்துவிட்டார்கள். இலங்கையில் 1951ஆம் ஆண்டிலேயே மரம் தறிப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. அதன் கீழ், சொந்தக் காணியில் நிற்கும் பலாவையோ ஈரப்பலாவையோ பெண்பனையையோ அனுமதியின்றித் தறிக்க முடியாது. பிறகு யுத்தம் வந்து, பங்கர் கட்டப் பனைகளைத் தறித்தது தனிக்கதை. அங்கே சட்டம் காக்க நினைத்தது வயிற்றுக்குத் தரும் மரங்களை. இங்கே காப்பது நிழலை.

நிழலுக்கு இவ்வளவு கெடுபிடியா என்றால், கணக்கைப் பாருங்கள். 2018ஆம் ஆண்டின் ஆய்வுப்படி ரொறன்ரோவில் சுமார் 1 கோடியே 15 லட்சம் மரங்கள். அவற்றில் பாதிக்கு மேல் தனியார் காணிகளில் நிற்பவை. 2050க்குள் நகரின் 40 வீதப் பரப்பை மரங்களின் விரிவால் மூட வேண்டும் என்பது நகரசபையின் இலக்கு. தெருவில் மட்டும் நட்டு அதை எட்ட முடியாது. உங்கள் பின்வளவு மேப்பிளும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

வெட்டினால் அயலவர் கண்ணில் படும். கட்டட வேலையில் மரம் சாவதுதான் ஒருவருக்கும் தெரியாமல் நடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பின்பக்கமாகக் கூட்டிக் கட்டினார்கள். தொடக்கத்தில் எல்லாம் முறைப்படிதான்: மேப்பிளைச் சுற்றி மரச்சட்டம் அடித்து, செம்மஞ்சள் வலை கட்டி, அறிவித்தலும் தொங்கவிட்டிருந்தார்கள். சில நாட்களில் வலை ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே செங்கல் வந்தது, பின்னால் சீமெந்துப் பைகள் வந்தன. கேட்டதற்கு வீட்டுக்காரர் சிரித்தார். "தம்பி, மரத்திலை ஒரு கீறல் விழேல்லை, வடிவாப் பாருங்கோ."

கீறல் விழவில்லைதான். ஆனால் மரத்தின் உயிர் மண்ணுக்குள். வேர்களில் பெரும்பகுதி மேல் 60 சென்ரிமீற்றர் மண்ணுக்குள்ளேயே, கொப்புகள் விரியும் எல்லையையும் தாண்டிப் படர்ந்திருக்கும். வேருக்கும் மூச்சு வேண்டும். எக்ஸ்கவேற்றர் சில தடவை ஏறி இறங்கினால், அல்லது கல்லும் மண்ணும் குவித்தால், மண் இறுகிக் காற்றும் தண்ணீரும் இறங்காது. மரம் உடனே சாகாது. முதலில் இலை சிறுக்கும், பிறகு உச்சிக் கொப்புகள் காயும். சில வருடங்கள் கழித்து, கொன்ராக்டரின் தொலைபேசி எண் தொலைந்த பிறகு, முழுதாகப் பட்டுப்போகும். பழி பனிக்காலத்தின் தலையில் விழும். இதனால்தான் 30 முதல் 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மரத்துக்கு வேலி குறைந்தது 2.4 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்கிறது நகரசபை. அந்த வேலிக்குள் தோண்டவோ, மண் உயர்த்தவோ, சாமான் அடுக்கவோ கூடாது.

புதிதாக நடுவதற்கும் இந்த நகரம் விலை கொடுத்துத்தான் பாடம் படித்தது. 2007இல் ஆசியாவின் பச்சை வண்டு ஒன்று இங்கே கண்டுபிடிக்கப்பட்டபோது ரொறன்ரோவில் எட்டு லட்சத்துக்கு மேல் ஆஷ் மரங்கள் நின்றன. வண்டின் புழு பட்டைக்கு உள்ளே சுரங்கம் அறுத்து மரத்துக்கு நீரும் உணவும் ஓடும் வழியை அடைத்துவிடும். ஆஷ் மட்டும் வரிசையாக நட்ட தெருக்கள் வரிசையாகவே மொட்டையாகின. அதனால் இப்போது பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள்.

வீடு கட்டப்போகிறவர்கள் கொன்ராக்டரோடு விலை பேசும்போதே மரவேலியைப் பற்றியும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கட்டாதவர்களுக்கும் வேலை உண்டு. உங்கள் வீட்டு முன்னால் நகரசபை நிலத்தில் இடமிருந்தால் 311ஐ அழைத்து ஒரு தெருமரம் கேளுங்கள். இடம் பொருத்தமானால் அவர்களே வந்து நட்டுத் தருவார்கள். முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் உங்கள் பாடு. மரத்துக்கு ஒரு சதமும் கேட்க மாட்டார்கள்.