ஆறு கட்டங்கள்

அஞ்சலட்டையில் முகவரி எழுதும் இடத்திற்குக் கீழே ஆறு சிறு கட்டங்கள் அச்சிடப்பட்டிருப்பதைக் காணாதவர் இரார். ஆயினும் அவற்றை நிரப்பாமலே அஞ்சற்பெட்டியில் இடுவோர் பலர். "தெருவும் ஊரும் எழுதியாயிற்று, இனி எண் எதற்கு?" என்று கேட்போர் உளர். மனிதரை எண்ணாக்கிவிடும் காலத்தின் இன்னுமொரு கோலம் என்று சலித்துக்கொள்வோரையும் நாம் சந்தித்ததுண்டு. இந்தச் சலிப்பு முறையானதுதானா எனச் சற்றே சிந்திப்போம்.

நாடு விடுதலை பெற்றதன் வெள்ளி விழாவின்போது, 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்த எண் முறை நடைமுறைக்கு வந்தது. இதை வகுத்தவர் நடுவண் அரசின் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரியாய் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் வடமொழிக் கவிஞரும் ஆவார். மொழியில் தோய்ந்த ஒருவரே மொழியின் துணையின்றிக் கடிதம் செல்ல வழி கண்டார் என்பது எண்ணி இன்புறத்தக்கது. தமிழ் மட்டுமே எழுதத் தெரிந்த ஒரு தாய், கொல்கத்தாவில் வேலை பார்க்கும் மகனுக்கு மடல் எழுதுகிறாள். தமிழெழுத்து அறியாத ஊழியர் அதை எங்ஙனம் பிரிப்பார்? எண்களையோ அவர் அறிவார். உரிய அஞ்சலகம் வரையேனும் அம்மடல் வழி தவறாது.

ஆறு இலக்கங்களும் வெறும் வரிசை எண்கள் அல்ல. இடமிருந்து வலமாக நாட்டிலிருந்து நம் பகுதிக்கு இறங்கி வரும் படிகள். முதல் இலக்கம் மண்டலத்தைச் சுட்டும். 1 முதல் 8 வரை நாட்டின் நிலப்பகுதிகளுக்கு உரியவை. 9 படைவீரர்களின் அஞ்சலுக்கு உரியது. தமிழகம், கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியன 6இல் அடங்கும். இரண்டாம் இலக்கம் அம்மண்டலத்தின் உட்பகுதியைக் காட்டும். 60 முதல் 64 வரை தமிழகத்தைச் சேர்ந்தவை. மூன்றாம் இலக்கம் கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தைச் சுட்டும். 600 எனில் சென்னை. 620 எனில் திருச்சி. 625 எனில் மதுரை. 627 எனில் திருநெல்வேலி. இறுதி மூன்று இலக்கங்கள் கடிதத்தை வீட்டிற்கு அனுப்பும் அஞ்சலகத்தைக் குறிப்பன. இம்மாவட்டம் அரசின் வருவாய் மாவட்டம் அன்று. புதுச்சேரியும் தமிழகத்தின் விழுப்புரமும் 605 என்றே தொடங்குகின்றன. எல்லைக்கோட்டை விடக் கடிதம் செல்லும் பாதையே இங்குப் பெரிது.

பெருநகருக்குள்தான் இம்முறையின் அருமை நன்கு புலப்படும். 1972க்கு முன்பே சென்னையில் பகுதி எண்கள் வழக்கில் இருந்தன. மயிலாப்பூர் சென்னை-4, தியாகராய நகர் சென்னை-17, அடையாறு சென்னை-20. இவ்வெண்களை மாற்றாமல் அவற்றின் முன்னே உரிய இலக்கங்களைச் சேர்த்து 600 004, 600 017, 600 020 என்றாக்கினர். பழகிய எண்ணை மக்கள் இழக்கவில்லை. ஆனால் அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்த பகுதிகள் என்று கொள்ளலாகாது. 600 019 நகரின் வடகோடித் திருவொற்றியூர். 600 020 தெற்கேயுள்ள அடையாறு. எண் அருகருகே நின்றாலும் ஊர்கள் எதிரெதிர்த் திசையில் உள்ளன. ஆகவே ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் கடிதம் நகரையே கடந்து போய்விடும்.

காந்தி தெரு இல்லாத பகுதி எது? மாதா கோவில் தெருக்கள்தாம் எத்தனை! புனித அந்தோணியார் பெயரால் சென்னையில் மட்டும் பல ஆலயங்கள் உள்ளன. நாம் குருப்பணியின் தொடக்க ஆண்டுகளில் வடசென்னைப் பங்கு ஒன்றில் இருந்தபோது, மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவரின் மகளுக்குத் திருமணம் உறுதியாயிற்று. மணமகன் தென்மாவட்டத்துக்காரர். அவருடைய திருமுழுக்குச் சான்றும், மணமுடிக்கத் தடையில்லை என்னும் மடலும் சொந்தப் பங்கிலிருந்து வரவேண்டும். தொலைபேசியில் கேட்டால் "அனுப்பி இருபது நாளாயிற்று" என்றனர். பெண்ணின் தந்தை கடன் வாங்கி மண்டபத்திற்கு முன்பணம் கட்டியிருந்தார். நாள்தோறும் வேலை முடிந்ததும் பங்குமனை வாசலில் வந்து நிற்பார், ஒன்றும் கேட்கமாட்டார், நம் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிச் செல்வார். திருமணத்திற்கு இரு நாள் முன்னர் அம்மடல் வந்து சேர்ந்தது. உறையின்மேல் ஆலயத்தின் பெயரும் 'சென்னை' என்பதும் மட்டுமே இருந்தன. அதே பெயருடைய வேறு இரண்டு ஆலயங்களுக்குச் சென்று, திருப்பி எழுதப்பட்டு, அடித்தல்களும் முத்திரைகளும் நிறைந்து வந்திருந்தது. ஆறு இலக்கம் எழுத ஆகும் நேரம் அரை நிமிடம். அது எழுதப்படாமையால் ஓர் ஏழைத் தந்தை உறங்காத இரவுகளோ பல.

எண் கடிதத்தை அஞ்சலகத்தின் வாசல் வரை கொண்டு சேர்க்கிறது. அங்கிருந்து எண்ணின் வேலை முடிந்து மனிதரின் வேலை தொடங்குகிறது. காலையில் வரும் கட்டுகளை அஞ்சல்காரர்கள் தத்தம் தெருக்களுக்கெனப் பிரித்து, நடந்து செல்லும் வரிசைப்படி அடுக்கிக் கொள்கின்றனர். வீட்டெண் மாறியிருந்தாலும், பெயர் பிழைபட்டிருந்தாலும், "இவர் பின்கட்டில் குடியிருக்கும் தையற்காரர்" என்று அறிபவர் அவரே. அவர் கைக்குக் கடிதம் வராவிடில் அந்த அறிவும் பயன்படாது. எனவே எண் மனிதரை மறைப்பதன்று. நம்மைப் பெயர் சொல்லி அறிந்தவரிடம் நம் கடிதத்தை ஒப்படைப்பது.

2025ஆம் ஆண்டு அஞ்சல் துறை 'டிஜிபின்' என்னும் பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டுள்ளது. நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு குறியீடு தருகிறது அது. பெயரில்லாத சந்தில் வாழ்வோருக்கும் தீயணைப்பு வண்டியும் நோயாளர் ஊர்தியும் வந்து சேர இது துணைபுரியும். பின்கோட்டை நீக்கிவிட அது வரவில்லை. சதுரம் இடத்தைக் காட்டும். அங்கே வாழ்பவர் யார் என்பதை அருகிருப்போரே அறிவர்.

இன்று கடிதம் குறைந்துவிட்டது. ஆனால் வங்கி அட்டையும் நேர்காணல் அழைப்பும் நாம் வரவழைக்கும் பொருளும் இதே ஆறு இலக்கங்களை நம்பியே வருகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளிடம் நம் பகுதியின் எண்ணைக் கேட்டுப் பார்ப்போம். அறியாவிடில் சொல்லித்தருவோம். உறைக்குள் பக்கம் பக்கமாய் அன்பு மொழி எழுதிவிட்டு, மேலே ஆறு இலக்கம் எழுத மறப்பது, விருந்துக்கு அழைத்துவிட்டு வழி சொல்லாதிருப்பதற்கு ஒப்பாகும். நாம் காணாத ஊழியர் ஒருவரின் கண்ணுக்கு அது ஓய்வு. காத்திருக்கும் ஒருவருக்கு ஒரு நாள் முன்னதாகவே வரும் ஆறுதல்.