பஞ்சிகாவத்தையில் ஒரு கண்ணாடி

புத்தளம் வீதியில், லொறியொன்றின் சில்லிலிருந்து தெறித்த கல் எமது ஜீப்பின் பக்கக் கண்ணாடியை நொறுக்கியது. அருகிலே துயின்ற குழந்தையின் மடியெங்கும் கண்ணாடி மணிகள்! பதறிப்போனோம், நல்லகாலம், கீறலேதுமில்லை. கதவுக் கண்ணாடி சூடேற்றிச் சடுதியிற் குளிரவைத்துப் பதப்படுத்தப்பட்டது. ஆதலின் கூரிய துண்டங்களாகாது மணிமணியாய் உதிர்ந்தது.

கொழும்பை அடைந்ததும், உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தையை நாடினோம். பழைய வண்டியொன்றிற் கழற்றிய கண்ணாடி அகப்பட்டது. முதிய தொழிலாளி கதவின் உட்பலகையைக் கழற்றி, அடியிற் கிடந்த மணிகளைப் பொறுமையாக அகற்றினார்.

“ஒன்று தங்கினாலும் புதுக்கண்ணாடியைக் கீறிவிடும், ஐயா” என்றார்.

பின்னர்க் கண்ணாடியைப் பொறியிற் பூட்டி, ஏற்றியிறக்கிப் பார்த்தார். அவ்வேளை மழை தொடங்கிற்று. உள்ளேயிருந்த குழந்தை, வெளியே வழிந்த துளிகளைத் தொட முயன்று நகைத்தது. அப்போதுதான் எமது நெஞ்சப் பதற்றம் தணிந்தது.