பட்டர் ஃபுரூட் எந்த மலைக்காரன்?

வெண்ணெய்ப்பழ மரம் எவ்வளவு குளிர் தாங்கும் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அதன் முன்னோர் எந்த மலையில் முளைத்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். குரும்பலூர், பெரம்பலூர்ப் பக்கத்து ஜூஸ் கடைகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துத் தரும் ‘பட்டர் ஃபுரூட்’ இந்தச் சமவெளியில் ஏன் தோப்பாகக் காணோம், குளிர்ந்த ஊட்டியிலும் ஏன் பெரிதாக இல்லை என்று நான் தேடப்போன வழி மெக்ஸிகோவில் போய் முடிந்தது.

தமிழ்நாட்டில் இந்த மரத்துக்கு வாய்த்த இடம் நடுமலை. திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடியை ஒட்டிய காப்பித் தோட்டங்களில், ஆரஞ்சும் பலாவும் நிற்பதுபோல இதுவும் ஊடே நிற்கிறது. அங்கே, ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே, தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அது தேர்ந்தெடுத்து வெளியிட்ட ரகம்தான் டிகேடி 1. உருண்டைப் பழம், நடுத்தர அளவு; மரம் பரவாமல் நிமிர்ந்து வளர்வதால் நெருக்கி நடலாம். ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 264 கிலோ காய்க்கும் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. காய் மரத்தில் இருக்கும்வரை கல்லாகவே இருக்கும். பறித்து வைத்தால் 6 முதல் 10 நாளில் கனியும்.

இது மண்ணின் மரமல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. நம் நாட்டில் வளர்க்கப்படும் ரகங்களில் ஒன்று ‘பேராதனை பர்ப்பிள் ஹைபிரிட்’. கண்டிக்கு அருகிலுள்ள பேராதனையின் பெயர் அதில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலங்கைக்கும் இது வந்த சரக்குதான். தாயகம் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும்.

தாயகத்திலேயே மரம் மூன்று இனமாகப் பிரிந்திருக்கிறது. குளிர் பற்றிய கேள்வி முழுக்க இந்தப் பிரிவில்தான் அடங்கியிருக்கிறது. மெக்ஸிகோ மேட்டுநிலத்து இனத்தின் பழம் சிறியது, தோல் காகிதம்போல மெல்லியது, கொழுப்பு அதிகம். இலையைக் கசக்கி முகர்ந்தால் சோம்பு வாசனை அடிக்கும். இனம் காண இதைவிட எளிய வழி இல்லை. வளர்ந்த மரம் ஏறக்குறைய மைனஸ் 6 டிகிரி செல்சியஸ் வரை சமாளிக்கும். குவாத்தமாலா மலை இனத்துக்குத் தடித்த, சொரசொரத்த தோல். மைனஸ் 3 டிகிரியை ஒட்டித் திணறத் தொடங்கும். தாழ்நிலத்தைச் சேர்ந்த மேற்கிந்திய இனத்தின் பழம் பெரியது, வழவழப்பானது, கொழுப்பு குறைந்தது, ஆட்டினால் உள்ளே கொட்டை உருளும். உறைநிலைக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே அதன் இலை கருகிவிடும். கன்றுப் பருவத்தில் மூன்றுமே மென்மையானவை.

குளிர் தாங்கும் மரத்தைத் தேடி ஆட்கள் போன வரலாறும் உண்டு. 1911இல் கார்ல் ஷ்மிட் என்ற இளைஞர், கலிபோர்னியாவின் ஆல்ட்டடீனா ஊர் நாற்றுப்பண்ணை ஒன்றுக்காக மெக்ஸிகோ சென்று நல்ல மரங்களின் ஒட்டுக்குச்சிகளை வெட்டி அனுப்பினார். புவேப்லா மாநிலத்து அட்லிஸ்கோவில் ஒரு வீட்டுத் தோட்டத்து மரத்திலிருந்து வெட்டியதும் அவற்றில் ஒன்று. 1913 ஜனவரியில் கலிபோர்னியாவில் கடும் உறைபனி விழுந்து நாற்றுகள் கருகியபோது அது பிழைத்து நின்றது. வலியது என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லால் அதற்கு ‘ஃபுவெர்ட்டே’ என்று பெயரிட்டார்கள். மெக்ஸிகோ இனமும் குவாத்தமாலா இனமும் கலந்த கலப்பு அது. இன்று உலகச் சந்தையை ஆளும் ஹாஸ் ரகம் 1935இல் காப்புரிமை பெற்றது; குளிரில் அது ஃபுவெர்ட்டே அளவுக்குக் கெட்டியில்லை. அதே புவேப்லாவின் கோஷ்கட்லான் குகை அகழாய்வில் பல்லாயிரம் ஆண்டுப் பழமையான வெண்ணெய்ப்பழக் கொட்டைகள் கிடைத்துள்ளன. என் தேடலும் அங்கேயே நின்றது.

இனி ஊட்டி. 2,200 மீட்டருக்கு மேலே உள்ள அந்த ஊரில் மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் தரை தன் வெப்பத்தை இழக்கிறது; குளிர்காற்று கனமாகிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகள் உறைபனியில் வெளுத்துக் கிடக்க, மேலே சரிவில் உள்ள செடி தப்பிவிடுகிறது. அப்படிப்பட்ட ஊரில் மரம் வைப்பவர் பள்ளத்தைத் தவிர்த்துச் சரிவின் நடுவில், வெயில் படும் சுவரோரமாக வைக்க வேண்டும். முதல் சில குளிர்காலங்களில் ஒட்டுக்கட்டிய இடத்துக்கு மேல்வரை மண் அணைக்க வேண்டும். மேலே கருகினாலும் ஒட்டுக்கு மேலிருந்து மறுபடி துளிர்க்கும். உலர்ந்த மண்ணைவிட ஈரமண் இரவில் அதிக வெப்பம் விடும் என்பதால் பனி இரவுக்கு முன் நீர் பாய்ச்சுவது நல்லது. கருகிய கிளையைப் பார்த்ததும் வெட்டுவது அவசரம். எதுவரை பட்டுப்போயிற்று என்பது துளிர் வந்த பிறகே தெரியும்.

மரம் பிழைத்தால் மட்டும் போதாது, காய்க்கவும் வேண்டும். இதன் பூ இருமுறை விரியும்: முதலில் பெண்ணாக, மறுநாள் ஆணாக. ஹாஸ் போன்ற ஏ வகையில் பெண் நிலை காலையில், ஆண் நிலை மறுநாள் பிற்பகலில். ஃபுவெர்ட்டே போன்ற பி வகையில் பெண் நிலை பிற்பகலில், ஆண் நிலை மறுநாள் காலையில். இரண்டையும் அருகருகே வைப்பது இதற்காகத்தான். பூக்கும் நேரத்தில் குளிர் கூடினால் இந்த முறைவைப்பே குழம்பிவிடும், மகரந்தக் குழாயும் வளராமல் தேங்கும். இலை பச்சையாக இருந்தும் காய் பிடிக்காத மரங்களுக்கு இது ஒரு காரணம்.

குரும்பலூரில் சிக்கல் நேர் எதிரானது. இங்கே உறைபனி கிடையாது; சித்திரை வெயிலும் வறண்ட காற்றும்தான் எதிரி. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசலில் நீர் தேங்கினால், மேலோட்டமான இதன் வேரை ஃபைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரி உண்டாக்கும் அழுகல் நோய் பிடித்துக்கொள்ளும். ஆசைக்கு ஒரு மரம் வைப்பவர் மேற்கிந்திய இனத்தை, மேடு கட்டி, நிழலில் வைக்கலாம். கொட்டையை மட்டும் நம்பக் கூடாது. அயல் மகரந்தத்தால் தாயின் குணம் அப்படியே வராது, காய்க்கவும் ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். ஒட்டுக்கன்றுதான் சரி.