இறங்காத கவளம்

புதுவயலில் எந்தத் தெருவில் நடந்தாலும் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் வாசனை வரும். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு கவளம் சோறு இறங்காமல் தவித்தார் எங்கள் அத்தை. சாப்பிட்டது நெஞ்சோடு நிற்கும். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துத் தள்ளப் பார்ப்பார், சில நேரம் தண்ணீரும் நிற்கும். படுத்தால் செரிக்காத சோறு வாய்க்கே திரும்பி வரும். அதனால் விசேஷ வீடுகளில் பந்திக்கு முன்பே கிளம்பிவிடுவார். உபசரிப்பைப் பெரிதாக நினைக்கும் சீமை இது. "நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டாகளாம்" என்று மனத்தாங்கல் வந்ததுதான் மிச்சம். கேஸ் டிரபிள் என்று மாத்திரை போட்டுக்கொண்டே உடம்பு பாதியாக இளைத்தார்.

நோயின் பெயர் அகலேசியா. விழுங்கியதை உணவுக்குழாயின் தசைகள் அலையலையாக நெருக்கிக் கீழே அனுப்பும். இரைப்பைக்கு மேலுள்ள தசைவளையம் அப்போது தளர்ந்து வழிவிடும். தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துவிட்டால் வளையம் இறுகியே கிடக்கும், மேலே அலையும் ஓய்ந்துவிடும். ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோய், சட்டென்று யாருக்கும் தோன்றாது. ஆனால் சோறும் தண்ணீரும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து சிக்குகிறதா என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும். புற்றுக்கட்டியில் பெரும்பாலும் கெட்டி உணவுதான் முதலில் சிக்கும், பிறகே கஞ்சி. ஆனாலும் எண்டோஸ்கோப்பி செய்து கட்டி இல்லை என்று பார்த்தாக வேண்டும். ஆரம்ப நிலையில் அதில் எல்லாம் சரியாகவே தெரியலாம். அதோடு விட்டுவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பதைக்கிறது. பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் குழாயின் அடி குருவி அலகுபோலக் கூர்ந்து தெரியும். அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி சந்தேகத்தைத் தீர்க்கும்.

சிகிச்சையோ பழைய கதை. 1674இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், திமிங்கில எலும்பு நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, நோயாளி தானே உணவைத் தள்ளிக்கொள்ளச் செய்தார். 1913இல் ஜெர்மனியின் ஹெல்லர் இறுகிய தசைவளையத்தை அறுத்துவிட்டார். பலூனால் விரிப்பதும் உண்டு. 2008இல் ஜப்பானின் இனோவே, வாய்வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, வெளியில் தழும்பே இல்லாமல் தசையை வெட்டினார். போயம் என்கிற அந்தச் சிகிச்சைதான் அத்தைக்கும் நடந்தது.

போன நரம்பு முளைப்பதில்லை, வழிதான் திறக்கிறது. திறந்த வழியில் அமிலம் மேலேறும். அதற்கு மாத்திரை உண்டு, இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துத் தலைமாட்டை உயர்த்திப் படுக்கவும் வேண்டும். பல ஆண்டு இந்த நோய் இருந்தவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்று வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுதல். "நல்லாத்தானப்பா சாப்புடுறேன், இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்கிறார் அத்தை. நான் விடுவதில்லை.