முருகனுக்கு, கலாவுக்கு, காலிக் கட்டத்துக்கு

மார்க்கெட்டிங் மெயில் எழுதுகிற வேலை என்றுதான் கோவையில் அந்தச் சின்ன ஏஜென்சியில் சேர்ந்தேன். கைக்கு முதலில் வந்தது ஒரு எக்செல் ஷீட், ஒரு ஜவுளிக்கடையின் வாடிக்கையாளர் பட்டியல். "எழுதறதெல்லாம் அப்பறம் கண்ணு. மொதல்ல இவங்க பேரையெல்லாம் ஒருக்கா படிச்சுப் பாரு" என்றார் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

மெயில் அனுப்பும் மென்பொருள்களில் பெரும்பாலும் முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். நம்மிடம் இருப்பது இனிஷியல்தானே! ஷீட்டில் முதற்பெயர்க் கட்டத்தில் 'எஸ்', அடுத்த கட்டத்தில் 'முருகன்'. அப்படியே விட்டால் அவருக்கு "வணக்கம் எஸ்" என்று மெயில் போகும். சிலருக்கு இனிஷியல் பெயருக்குப் பின்னால், சிலருக்குப் பெயரோடு ஒட்டிக்கொண்டு. ஒரு பெண்மணியின் பெயருக்குப் பக்கத்தில் 'டெய்லர் வீட்டு எதிரில்' என்று இருந்தது. பில் போட்டவர் தன் வசதிக்குக் குறித்துவைத்தது. அதுவும் பெயரின் பகுதிதான் என்று மென்பொருள் நம்பும். அதனால் ஷீட்டில் 'அழைக்கும் பெயர்' என்று புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்து, வரிசை வரிசையாகப் பார்த்து நிரப்பச் சொன்னார் அக்கா. அலுப்பான வேலை. ஆனால் டெம்ப்ளேட்டின் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

பெயர் வரவேண்டிய இடத்தில் நாம் வைக்கிற குறிக்கு மெர்ஜ் டேக் என்று பெயர். மெயில்சிம்ப்பில் அதற்கு இருபுறமும் நட்சத்திரக்குறியும் செங்குத்துக்கோடும் போட்டு எழுதுவார்கள். ஆங்கிலத்தில் இதில் சிக்கல் குறைவு. பெயர் வாக்கியத்தில் எங்கே நின்றாலும் அதன் உருவம் பெரும்பாலும் மாறுவதில்லை. தமிழில் டேக்குக்குப் பின்னால் 'க்கு' சேர்த்துப் பாருங்கள். செல்விக்கு சரியாக வரும். அதே டேக் முருகனை 'முருகன்க்கு' ஆக்கும், கலாவை 'கலாக்கு' ஆக்கும், சண்முகத்தை 'சண்முகம்க்கு' ஆக்கும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். மதுரையில், ஈரோட்டில், சேலத்தில் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மாறும். மெர்ஜ் டேக்குக்குச் சந்தி தெரியாது.

இதற்கு அக்காவிடம் ஒரு வழி இருந்தது. வேற்றுமை உருபைப் பெயரின் மேல் ஏற்றாமல், பக்கத்தில் ஒரு சொல்லை நிறுத்தி அதன் மேல் ஏற்றுவது. 'முருகன் அவர்களுக்கு', 'சேலம் கிளையில்', 'காட்டன் புடவை வகைகளை'. எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் உடையாது. ஆனால் எல்லா வரியிலும் 'அவர்கள்' வந்தால் கல்யாணப் பத்திரிகை வாடை அடிக்கும். அதனால் பெயரை ஒரே ஒரு இடத்தில், "வணக்கம் முருகன்," என்று தனியாக நிறுத்திவிட்டு, மிச்ச மெயிலை 'நீங்கள்' என்று நடத்திக்கொண்டு போகப் பழகினேன். பெயர் ஒரு தடவை போதும். பத்திக்குப் பத்தி நம் பெயரைச் சொல்லிப் பேசுகிறவரிடம் நேரிலேயே எச்சரிக்கையாகத்தானே இருப்போம்?

சப்ஜெக்ட் லைனிலும் பெயர் வேண்டும், அப்போதுதான் திறப்பார்கள் என்று கிளையன்ட்கள் கேட்பதுண்டு. அக்கா ஒத்துக்கொள்வதில்லை. 2021-இல் ஆப்பிள் தன் மெயில் ஆப்பில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, பயனர் திறக்காவிட்டாலும் மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கை அந்தப் படங்களை வைத்துத்தான் வருகிறது. அதனால் அதை முழுசாக நம்ப முடியாது. லிங்க்கை எத்தனை பேர் அழுத்தினார்கள், எத்தனை பேர் பதில் போட்டார்கள் என்பதைத்தான் அக்கா பார்ப்பார்.

வடிவமைப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விண்டோஸின் பழைய அவுட்லுக் 2007 முதல் வேர்டின் எஞ்சினை வைத்தே மெயிலைக் காட்டுகிறது. அதனால் இன்னமும் டேபிளுக்குள் டேபிள் போட்டு, சுமார் 600 பிக்சல் அகலத்துக்குள் அடக்குகிறோம். மெயில் ஏறத்தாழ 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டி மறைத்துவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு பைட் போதும். 'மு' என்ற ஒரு எழுத்துக்கு ஆறு. தமிழில் எழுதுகிறவர் கொஞ்சம் சுருக்கமாகவே எழுதிப் பழகவேண்டும்.

யாருக்கு எந்தப் பகுதி தெரியவேண்டும் என்று நிபந்தனை போட்டு வைக்கலாம். காட்டன் வாங்கியவருக்குக் காட்டன், பட்டு வாங்கியவருக்குப் பட்டு. இங்கேதான் அக்காவின் கண்டிப்பைப் பார்த்தேன். ஒரு கிளையன்ட், பெயரைப் பார்த்துப் பிரித்து யாருக்குத் தீபாவளி மெயில், யாருக்கு ரம்ஜான் மெயில் என்று அனுப்பச் சொன்னார். "பேரை வெச்சு ஒருத்தரோட மதத்தைக் கணக்குப் போடற வேலை நமக்கு வேண்டாங்க. போன வருஷம் எந்த சீசன்ல வாங்கினாங்களோ, அந்த சீசனுக்கு அனுப்பிக்கலாம்" என்று போனிலேயே முடித்துவிட்டார். எல்லாம் தெரிந்திருந்தும் எல்லாவற்றையும் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் அவர் கட்சி. "மார்ச் 3-ஆம் தேதி மாலை நீங்கள் வாங்கிய பச்சைப் புடவை" என்று ஆரம்பிக்கும் மெயில் எனக்கு வந்தால் நானே அன்சப்ஸ்கிரைப் செய்துவிடுவேன்.

அன்சப்ஸ்கிரைப் லிங்க்கை மங்கலான சாம்பல் நிறத்தில் அடியில் ஒளித்துவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள் விளம்பர மெயில்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தரவேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது கூகுள் 2024-இல் கொண்டுவந்த விதி. விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பட்டனைத்தான் அழுத்துவார். அதனால் லிங்க்கைக் கண்ணில் படும் அளவில் வைப்பது அனுப்புகிறவருக்கும் நல்லது.

சோதனைக்கு என்றே அக்கா ஒரு ஷீட் வைத்திருக்கிறார். அதில் உள்ளவர்கள் எல்லோரும் கற்பனை ஆட்கள். ஒருவருக்கு மூன்று இனிஷியல். இன்னொருவர் பெயர் கைபேசித் திரையில் இரண்டு வரி பிடிக்கும். ஒருவருக்கு முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயர், ஒருவருக்குப் பெயருக்கு முன்னால் தெரியாமல் ஒரு ஸ்பேஸ், ஒருவருக்குப் பெயர்க் கட்டமே காலி. டெம்ப்ளேட் முதலில் இவர்களுக்குப் போகும். எல்லாவற்றையும் ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் திறந்து பார்த்த பிறகுதான் கிளையன்ட்டின் பட்டியலைத் தொடுவோம். நான் முதலில் திறப்பது பெயரில்லாதவருக்குப் போனதை. "வணக்கம்" என்று சொல் முழுமையாக நிற்கவேண்டும். பின்னால் ஒரு இடைவெளியும் தனிக் காற்புள்ளியும் தொங்கினால் மெயில் திரும்பவும் என் மேசைக்கு வந்துவிடும்.