நூன் ஷோ எத்தனை மணிக்கு?

வித்யா, நேஷனல், எம்.ஆர். என்று தியேட்டர் பெயரைச் சொல்லியே வழி கேட்ட தாம்பரத்துக்காரர்களுக்கு, ‘நூன் ஷோ’ என்றால் பதினொன்றரை மணி ஆட்டம். இரண்டரைக்கு மேட்னி, ஆறரைக்கு ஃபர்ஸ்ட் ஷோ, பத்து மணிக்கு மேல் செகண்ட் ஷோ. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமும் பேச்சு இப்படித்தான். ஆனால் எந்த ஆங்கில அகராதியைப் புரட்டினாலும் நூன் என்பது பகல் பன்னிரண்டு மணி. அப்படியானால் பன்னிரண்டு அடிப்பதற்கு அரை மணி முன்பே தொடங்கிவிடும் ஆட்டத்துக்கு நூன் என்று பெயர் வைத்தது நம் ஆட்களின் அரைகுறை ஆங்கிலமா? அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், பதில் நம் பக்கம் சாய்கிறது.

நூன் என்ற சொல்லின் தாய் லத்தீன். ‘நோனா ஹோரா’ என்றால் ஒன்பதாம் மணி. ரோமானியர் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலைப் பன்னிரண்டு பங்காக்கி எண்ணினார்கள். அதில் ஆறாம் மணி முடியும்போதுதான் உச்சிவேளை; ஒன்பதாம் மணி என்பது நம் கடிகாரத்தில் பிற்பகல் மூன்று. இந்தக் கணக்கு தமிழுக்கும் புதிதல்ல. தமிழ் பைபிளில் சிலுவைப்பாட்டைச் சொல்லும் இடத்தில் வரும் ‘ஒன்பதாம் மணி’ இதுதான். புனித வெள்ளியன்று பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் ஆராதனையைத் தேவாலயங்கள் மூன்று மணிக்கு முடிப்பதும் அதனால்தான். ஆக, நூன் பிறந்தது மூன்று மணிக்கு. ஏறத்தாழ 12 முதல் 14-ஆம் நூற்றாண்டுக்குள் அது ஆங்கிலத்தில் பன்னிரண்டு மணிக்கு நகர்ந்துவிட்டது. ஒன்பதாம் மணி ஜெபத்தை முன்கூட்டியே சொல்லும் வழக்கம் வந்தது ஒரு காரணம் என்கிறார்கள். நோன்பு நாட்களில் அந்த ஜெபம் முடிந்த பிறகே துறவிகள் சாப்பிடலாம் என்பதால், பசி அதை முன்னே இழுத்தது என்பது இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. இடைக்கால ஆங்கிலத்தில் நூன் என்பது நடுப்பகல் சாப்பாட்டையும் குறித்தது. ‘நன்ச்சன்’ என்ற சிற்றுணவின் பெயரும் நூன் வேளைப் பானம் என்ற பொருளில் பிறந்ததே. ஜெபமணி நகர்ந்ததோ சாப்பாட்டுமணி நகர்ந்ததோ, சொல்லை நகர்த்தியவர்கள் மனிதர்கள், சூரியன் அல்ல.

மேட்னியின் கதை இதைவிட வேடிக்கை. பிரெஞ்சில் ‘மத்தினே’ என்றால் காலைப்பொழுது. பகலில் நடந்த நாடகங்களுக்கு ஒட்டிய அந்தப் பெயர், நம் ஊருக்கு வந்து சேரும்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான ஆட்டமாகிவிட்டது. ஒரே போஸ்டரில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று மணியைக் குறிக்கப் பிறந்த நூன் காலை பதினொன்றரையில் நிற்கிறது. காலையைக் குறிக்கப் பிறந்த மேட்னி இரண்டரைக்கு ஓடுகிறது. இரண்டு சொற்களும் நாற்காலியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஆனாலும் டிக்கெட் எடுத்தவர் யாரும் வேளை தவறிப் போய் நின்றதில்லை.

‘சொல் எங்கிருந்து வந்தால் என்ன? இன்று நூன் என்பது சூரியன் உச்சிக்கு வரும் நேரம். அது வானத்தின் கணக்கு. நம் இஷ்டத்துக்கு வளைக்க முடியாது’ என்று ஒருவர் மறுக்கலாம். சரி, வானத்தையே கேட்போம். நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து. தாம்பரம் அதற்கு மேற்கே, ஏறத்தாழ 80.1 பாகையில் இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் சராசரியாக ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாமதித்தே உச்சிக்கு வரும். அதுவும் நாளுக்கு நாள் மாறும்: நவம்பர் தொடக்கத்தில் 11.53 வாக்கில், பிப்ரவரி நடுவில் 12.24-ஐ ஒட்டி. ஏப்ரல் நான்காம் வாரத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும்போது ரயில் நிலைய மேடையின் விளக்குக்கம்பம் தன் நிழலைக் காலடியில் சுருட்டிக்கொள்ளும். அப்போதும் கடிகாரம் 12.07-ஐக் காட்டும். 1802-இல் மதராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் வகுத்த மதராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னே இருந்தது. அந்தக் கணக்கில் உச்சிவேளையும் பன்னிரண்டும் இதைவிட நெருங்கி நின்றன. 1906-இல் ஐந்தரை மணிக் கணக்கு பொது நேரமானதும் அந்த நெருக்கமும் போயிற்று. சூரியனுக்கு விசுவாசமாக இருக்க வேண்டுமென்றால் நூன் ஷோவை மட்டுமல்ல, பன்னிரண்டு மணியையே கேள்வி கேட்க வேண்டும்.

தமிழ் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளவில்லை. தொல்காப்பிய மரபில் நண்பகல் ஒரு சிறுபொழுது. அறுபது நாழிகையை ஆறு பொழுதாகப் பகுத்தால் பங்குக்குப் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம்: காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு வரை. நண்பகல் ஒரு புள்ளி அல்ல, ஒரு விரிப்பு. பதினொன்றரை மணி ஆட்டம் அதற்குள் வசதியாக உட்காருகிறது. நடுப்பகல் என்றே பொருள்படும் மத்தியானத்தையும் நாம் மூன்று மணி வரை இழுக்கிறோம். காமராஜர் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவும் இங்கே ஆங்கிலத்தில் ‘நூன் மீல்’ என்றே வழங்குகின்றன. பள்ளியில் தட்டு வைக்கும் நேரமே அங்கே நூன். மடத்துத் துறவிகளின் வயிறு செய்த அதே வேலையை நம் பிள்ளைகளின் வயிறும் செய்கிறது.

‘சொற்கள் இப்படி நெகிழ்ந்தால் டெண்டருக்கும் தேர்வுக்கும் எப்படி நேரம் குறிப்பது?’ என்ற கேள்வி நியாயமானது. அங்கே நெகிழ்ச்சி ஆகாது. ஆனால் அந்த இடங்களில் குழப்புவது நூன் அல்ல, ‘12 பி.எம்.’ என்ற எழுத்து. ஏ.எம். என்றால் உச்சிக்கு முன், பி.எம். என்றால் உச்சிக்குப் பின். உச்சி இரண்டிலும் சேராது. ரயில்வே அட்டவணை 24 மணிக் கணக்கில் இந்த வம்பையே தவிர்த்துவிட்டது. எனவே அறிவிப்புப் பலகை எழுதுகிறவர்கள் ‘நண்பகல் 12 மணி’ என்று எழுதட்டும். போஸ்டர் ஒட்டுகிறவர்களின் நூன் ஷோ பதினொன்றரைக்கே நடக்கட்டும். அதில் பிழை ஒன்றும் இல்லை.