தகரத்தைத் தின்பது யார்?

எங்கள் லயத்தில் துரு ஒரு செய்தியே கிடையாது. மழை பெய்யும், தகரம் ஒழுகும், அம்மா சட்டியை நகர்த்தி வைப்பார். "தகரம்னா துருப்பிடிக்கத்தானே செய்யும்" என்பார் அப்பாயி. தலை நரைக்கிற மாதிரி அதுவும் ஒன்று. அதனால் உலோக அரிப்பைப் பற்றி இரண்டு நாள் அறிமுகப் பயிற்சி இருக்கிறது என்று கூட்டாளி சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் ஆர்வம். இரத்தினபுரிக்காரனுக்குத் துருவைப் பற்றிப் புதுசா என்ன சொல்லப்போறாங்க?

ஆரம்பம் சாதாரண தரத்து விஞ்ஞானம்தான். ஆணிகளை மூன்று சோதனைக் குழாய்களில் போடுவோமே, ஞாபகம் இருக்கா? தண்ணீரும் காற்றும் சேர்ந்த குழாயில் மட்டும் துரு வரும். கொதித்தாறிய தண்ணீரில் எண்ணெயை மிதக்கவிட்டால் ஒட்சிசன் போகாது, துருவும் இல்லை. ஈரத்தை உறிஞ்சக் கல்சியம் குளோரைட்டு போட்டால் அங்கேயும் இல்லை. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்த விசயம். பயிற்றுநர் கேட்டார்: "உங்க வீட்டுக் கூரை இதுல எந்தக் குழாய்?"

வருசத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. காற்றின் ஈரப்பதன் 60 வீதம் அளவைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். எங்கள் இரவுகளில் அது அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அப்படியானால் அந்தக் கூரைத் தகரம் இத்தனை வருசம் எப்படித் தாக்குப்பிடித்தது?

காரணம் நாகம். இரும்புத் தகட்டை உருகிய நாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்கு 1837இல் பிரான்சில் சோரல் என்பவர் காப்புரிமை பெற்றார். நாகம் வெறும் போர்வை இல்லை. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கிற நாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். புத்தகத்தில் கதோட்டுப் பாதுகாப்பு என்று படித்தது இதைத்தான். நாகம் தீர்ந்துபோன இடத்தில்தான் செந்துரு தொடங்கும். அப்பாயி சொன்ன வயசு உண்மையில் நாகத்தின் கணக்கு. அந்தக் கணக்கை வேகமாகத் தீர்க்கிற வேலைகளும் உண்டு, மெதுவாக்குகிற வேலைகளும் உண்டு.

இரண்டாம் நாள் வீட்டிலிருந்து துருப்பிடித்த ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். பழைய கூரையிலிருந்து கழற்றிப் போட்டிருந்த தகரத்தில் ஒரு துண்டைக் கொண்டுபோனேன். பயிற்றுநர் அதை டொக்டர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டைகள் கண்டபடி இல்லை. காற்றுக்குப் பறக்காமல் இருக்க டயரும் கல்லும் வைத்த இடத்தில் ஒரு வட்டம்: அதற்கு அடியில் ஈரம் காயவே காயாது. ஒரு தகரத்தின் மேல் இன்னொன்று ஏறுகிற விளிம்பில் ஒரு வரிசை: அங்கே இலைக்குப்பை அடைத்துக்கிடந்திருக்கும். அடுப்புக்கு மேலே இருந்த பக்கம் கரிப்பிடித்து அரித்திருந்தது: விறகுப் புகையில் அமிலம் இருக்கு, கரி ஈரத்தையும் பிடித்து வைக்கும். நடுத்தகரம் இன்னும் நல்லாத்தான் இருந்தது. கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி இரும்புத் தட்டொன்றைக் கொண்டுவந்தாள். பாலை உறைய வைக்கிற போமிக் அமிலம் அதைத் தின்றிருந்தது.

தடுக்கும் வழிகளும் பெரிய வித்தை இல்லை. மழைக்காலத்துக்கு முன் குப்பையைக் கூட்டணும். ஆணியைப் பள்ளத்தில் அடிக்காமல் மேட்டில், வொஷரோடு அடிக்கணும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, நாகம் கலந்த அடிப்பூச்சு பூசி, அதன் மேல் பெயின்ட் அடிக்கணும். செப்புக் கம்பியைத் தகரத்தில் உரசவிடக் கூடாது. 2016இல் வெளிவந்த ஒரு சர்வதேச ஆய்வு, அரிப்பால் உலகத்துக்கு வருசத்துக்கு 2.5 ட்ரில்லியன் டொலர் நட்டம் என்றது. தெரிந்த வழிகளைக் கையாண்டாலே அதில் 15 முதல் 35 வீதம் வரை மிச்சம் பிடிக்கலாமாம்.

ஆனால் பெயின்ட் வாளியை யார் வாங்குவது? நான் கேட்டேன். வகுப்பு அமைதியானது. லயம் எங்களுக்குச் சொந்தமில்லை. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. கூரை மட்டும் அங்கேயே இருந்தது. சொந்தமில்லாத கூரைக்கு நாம ஏன் செலவு பண்ணணும் என்பது நியாயமான கேள்வி. பயிற்றுநரிடம் பதில் இல்லை, அது அவருடைய பாடமும் இல்லை. ஒழுகுவது மட்டும் எங்கள் தலையில்.

இன்னொன்றையும் அங்கேதான் கேள்விப்பட்டேன். நம்ம மாவட்டத்தில், பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவயில், ஆயிரம் வருசத்துக்கு முன்பே தென்மேல் பருவக்காற்றை நேராக உலைக்குள் வாங்கி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அந்த உலைகளைப் பற்றி கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அதே பருவக்காற்று கொண்டுவருகிற மழைதான் இன்றைக்கு எங்கள் தகரத்தைத் தின்கிறது.

இப்போது சில தோட்டங்களில் தனி வீடுகள் வருகின்றன. பிறகு மாடி கட்டலாம் என்று கொங்கிரீட் கம்பியை மேலே நீட்டி விடுகிறார்கள். சும்மா விட்டால் துரு கம்பி வழியே உள்ளே இறங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கொங்கிரீட்டே வெடிக்கும். கம்பியில் சீமெந்துப் பால் பூசி, பொலித்தீன் சுற்றி, தண்ணீர் தேங்காமல் பார்த்தால் பெருமளவு தப்பிக்கலாம். இது சொந்த வீடு, இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். லயத்துக் கூரைகளுக்கு, எந்தக் காம்பராவில் எத்தனை தகரம், எந்த இடத்தில் ஓட்டை என்று நாங்கள் நாலு பேர் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறோம். "கூரை ஒழுகுது" என்று சொன்னால் "பார்க்கலாம்" என்பார்கள். பட்டியலைக் கையில் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று பார்க்கணும்.